கொள்ளையும் வளர்ப்பும்: இந்தியத் தேனீ வளர்ப்பு வரலாற்றில் ஆர்வலரின் இடம்

இந்தியத் தேனீ வளர்ப்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1880களிலிருந்து தொடங்குவர். சட்டங்களைத் தனித்தனியே எடுத்துப் பார்க்கக்கூடிய மரப்பெட்டி அக்காலத்தில்தான் இந்நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் இருந்தது தேன் எடுப்பு, பின் வந்தது தேனீ வளர்ப்பு என்பது அவர்கள் வகுக்கும் எல்லை. இந்த எல்லைக்கோடு வசதியானது. ஆனால் முழுமையான உண்மை அன்று. பெட்டி வருவதற்கு முன்னரே தேனீயைத் தம் வீட்டோடு வைத்துப் பேணியோர் இந்நாட்டில் இருந்தனர். பெட்டி வந்த பின்னரும் அதனை இந்தியத் தேனீக்கு ஏற்றதாக மாற்றியமைத்ததில், அதைப் பிழைப்பாகக் கொள்ளாமல் விருப்பத்தின் பொருட்டு வளர்த்தோருக்குப் பெரும்பங்கு உண்டு. புள்ளிவிவரங்களில் இடம்பெறாத அவ்வார்வலரின் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

மலையும் மால்பும்

பண்டைத் தமிழ் இலக்கியத்தில் தேன் குறிஞ்சி நிலத்துக்குரிய பொருள். பாரியின் பறம்பு மலையைப் பற்றிக் கபிலர் பாடிய புறநானூற்று 109ஆம் பாட்டு, உழவரின் உழைப்பின்றியே அம்மலை தரும் நான்கு பயன்களுள் ஒன்றாகத் தேனைக் கூறுகிறது. மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு ஆகியன ஏனைய மூன்று. உழாமல் விளைவது என்னும் அக்கருத்தே இங்குக் கருதத்தக்கது. தேன் மலையின் கொடை. அதனை விளைவிப்பது மனிதன் தொழிலன்று.

எடுக்கும் முறையையும் இலக்கியம் அறியும். செங்குத்தான பாறையில் தேன் எடுக்க ஏறுவோர் கணுக்களையே படியாகக் கொண்ட மூங்கிலைச் சார்த்தினர். அதற்கு 'மால்பு' என்று பெயர். மலைபடுகடாம் மலையில் எழும் ஓசைகளை அடுக்கிச் சொல்லும் பகுதியில் இம்மால்பு வழியே தேன் கொள்வோரைக் காட்டுகிறது. அங்கு அச்செயலைக் குறிக்கும் சொல் 'கொள்ளை' என்பது. கொள் என்னும் வினையடியாகப் பிறந்து 'கொள்ளுதல்' என்னும் பொருளையே அது அங்குத் தருகிறது என்பது உண்மை. எனினும், அரிய அரணை அழித்த கானவரின் உவகை அடுத்தே பேசப்படுவதால், இன்றைய பொருளின் நிழல் அப்போதே அச்சொல்லின்மேல் விழுந்திருந்தது என்று கொள்வதில் பெரும் பிழை இல்லை.

சொற்களின் பரப்பும் இதனையே காட்டுகிறது. கூட்டுக்கு இறால் என்றும், பூச்சிக்குச் சுரும்பு, ஞிமிறு, தும்பி, பிரசம் என்றும், அருந்தும் பொருளுக்கு நறவு, தேறல் என்றும் பழந்தமிழில் பல சொற்கள் உள்ளன. தேன் என்னும் சொல்லே ஈயையும் குறித்தது. இவ்வளவு செழுமைக்கு நடுவிலும் பழஞ்சொற்கள் நிற்பது பூவிலும் மலையிலும்தான். ஆநிரை மேய்த்தலுக்கு உள்ளதுபோல் தேனீயை மேய்த்தலுக்கென ஒரு சொல் அக்கால வழக்கில் வேரூன்றவில்லை. 'தேனீ வளர்ப்பு' என்பது இருபதாம் நூற்றாண்டின் சொல்.

சமணம் தேனை நோக்கிய பார்வையையும் இங்கு இணைத்துப் பார்க்கவேண்டும். சமண இல்லறத்தார் விலக்கவேண்டியவற்றுள் கள், ஊன் ஆகியவற்றோடு தேனும் வைத்து எண்ணப்பட்டது. ஊன் விலக்கலைப் புரிந்துகொள்வோருக்கும் தேன் விலக்கல் மிகையாகத் தோன்றலாம். ஆனால் அடையை அறுத்துப் பிழியும் பழைய முறையில் முட்டையும் புழுவும் தேனோடு சேர்ந்தே நசுங்கின. புகையிலும் தீயிலும் ஈக்கள் மடிந்தன. சமணர் விலக்கியது இனிப்பையன்று, அது பெறப்பட்ட வழியை. தேன் எடுப்பு குறித்து இந்திய மரபில் எழுந்த மிகக் கூர்மையான கண்டனம் இதுவே எனலாம். அதற்கு விடை கூறும் கருவி கிடைக்கப் பல நூற்றாண்டுகள் ஆயின.

காசுமீரத்துச் சுவர்கள்

எடுப்புக்கும் வளர்ப்புக்கும் இடையே இட்ட எல்லைக்கோட்டைக் காசுமீரம் அழித்துவிடுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றிய வில்லியம் மூர்கிராஃப்ட் 1822, 1823ஆம் ஆண்டுகளில் அங்குத் தங்கியிருந்தார். குதிரை தேடிப் புறப்பட்டவர் அவர். ஆயினும் கண்ணில் பட்ட தொழில்களையெல்லாம் குறித்துவைக்கும் இயல்பு அவருக்கு இருந்தது. அவர் 1825இல் இறந்தார். அவருடைய குறிப்புகளை வடமொழி அறிஞர் ஹொரேஸ் ஹேமன் வில்சன் பதிப்பித்து 1841இல் வெளியிட்டார். அந்நூலில் காசுமீரக் குடியானவரின் தேனீக்கள் பற்றி இடம்பெறும் பகுதி இந்தியத் தேனீ வளர்ப்பு வரலாற்றின் முதன்மையான சான்றுகளுள் ஒன்று.

வீடு கட்டும்போதே சுவரில் தேனீக்கென உருளை வடிவான பொந்துகள் விடப்பட்டன. பொந்தின் உட்புறம் களிமண்ணால் மெழுகப்பட்டது. வெளிப்பக்கத்தில் ஈக்கள் போய்வரச் சிறுதுளை இருக்கும். வீட்டின் உட்பக்கத்தை ஒரு மண்தட்டு மூடியிருக்கும். தேன் எடுக்கும் நாளில் வீட்டுத்தலைவன் அரிவாள் நுனியால் அத்தட்டைப் பெயர்ப்பான். மண்சட்டியில் உள்ள கரிநெருப்பின்மேல் வைக்கோலை இட்டு, எழும் புகையைப் பொந்துக்குள் ஊதுவான். வைக்கோல் தீப்பற்றும் கணத்தில் அதனை அகற்றிவிடுவான்; சுடர் பட்டால் ஈக்கள் கருகும் என்பது அவனுக்குத் தெரியும். ஈக்கள் வெளித்துளை வழியே வெளியேறும். அவன் தன் பக்கத்து அடைகளை மட்டும் அறுத்துக்கொண்டு, வெளிப்பக்கத்து அடைகளைத் தொடாமல் தட்டை மீண்டும் பொருத்திப் பூசிவிடுவான். சற்று நேரத்தில் ஈக்கள் திரும்பிவரும்.

இம்முறையில் மூன்று நுட்பங்கள் அடங்கியுள்ளன. புகையை அளவறிந்து பயன்படுத்துதல் ஒன்று. தேனடையையும் புழுவடையையும் வேறுபிரித்தறிதல் மற்றொன்று. தேனீ வாயிலுக்கு அருகே குஞ்சுகளையும் வாயிலுக்குத் தொலைவில் தேனையும் வைக்கும் என்னும் இயற்கை அமைப்பை அறிந்தே பொந்தின் இரு முனைகளும் வகுக்கப்பட்டன. குடும்பத்தை உயிரோடு அடுத்த ஆண்டுக்கு விட்டுவைத்தல் மூன்றாவது. அக்காலத்து ஐரோப்பிய நாட்டுப்புறங்களில் வைக்கோல் கூடைகளில் வளர்த்த தேனீக்களைப் பருவ முடிவில் கந்தகப்புகை இட்டுக் கொன்றபின் தேன் எடுக்கும் வழக்கமும் பரவலாக இருந்தது என்பதை இதனோடு வைத்துப் பார்த்தல் தகும். காசுமீரக் குடியானவன் தேனை விற்பதற்காக மட்டும் தேனீயை வைத்திருக்கவில்லை. வீட்டுச் சுவர் வீட்டாருடையது போலவே ஈக்களுடையதாகவும் இருந்தது. இதை 'வளர்ப்பு' எனக் கொள்ளாத வரையறை திருத்தப்படவேண்டியதே.

பெட்டியும் பாதிரிமாரும்

நவீனப் பெட்டியின் அடிப்படை ஓர் இடைவெளி. அமெரிக்கச் சமயகுரு லாங்ஸ்டிராத் 1851இல் அதனைக் கண்டார். ஏறத்தாழ முக்கால் அங்குலத்தில் பாதி அளவுள்ள இடைவெளியைத் தேனீ அடை கட்டியும் அடைக்காது, பிசின் வைத்தும் அடைக்காது; நடமாடும் வழியாகவே விட்டுவைக்கும். சட்டங்களுக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே இவ்விடைவெளியை விட்டால் சட்டங்கள் ஒட்டிக்கொள்ளா. வேண்டும்போது தூக்கிப் பார்த்து மீண்டும் வைக்கலாம். 1852இல் இதற்கு அவர் காப்புரிமை பெற்றார். 1857இல் மேரிங் என்னும் செருமானியர் மெழுகு அடித்தாள் அச்சையும், 1865இல் ஆசுத்திரியப் படை அலுவலர் ஹ்ருஷ்கா சுழற்சி விசையால் தேனைப் பிரிக்கும் கருவியையும் அமைத்தனர். சமணர் எழுப்பிய கண்டனத்துக்கு முதன்முதலாகப் பகுதி விடையளித்தது இக்கடைசிக் கருவியே. அடை உடையாமல், புழு நசுங்காமல், தேன் மட்டும் வெளியேறுகிறது. வெற்றடை ஈக்களுக்கே திரும்பக் கிடைக்கிறது. பகுதி விடை என்பதற்குக் காரணம் உண்டு: ஈ தனக்கெனச் சேர்த்ததை எடுத்துக்கொள்வது பற்றிய வினா அப்படியே நிற்கிறது.

இக்கண்டுபிடிப்பாளருள் எவருக்கும் தேன் பிழைப்பன்று. ஆண் தேனீ கருவுறாத முட்டையிலிருந்து பிறக்கிறது எனக் கூறிய ஜியெர்சோன் சிலேசியாவைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு. தேனீ வாழ்வின் மறைவான பல செய்திகளைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வெளிப்படுத்திய செனீவா நகரத்து ஹூபெர் கண்பார்வை இழந்தவர். தம் பணியாளர் பர்னனின் கண்களைக் கொண்டு ஆராய்ந்தவர். ஓய்வும் பொறுமையும் குறிப்பெழுதும் பழக்கமும் உடையோரின் கையில்தான் இத்துறை வளர்ந்தது.

இந்தியாவிலும் அவ்வாறே நிகழ்ந்தது. வங்காளத்தில் 1880களின் தொடக்கத்தில் பெட்டி முயற்சிகள் நடந்தன. அஞ்சல் தந்தித் துறை அலுவலரான டக்ளஸ் 1884இல் இந்தியத் தேனீ வளர்ப்புக்கெனக் கையேடு ஒன்றை ஆங்கிலத்தில் எழுதினார். தந்தித்துறையில் பணியாற்றிய ஒருவர் தேனீக் கையேடு எழுதியது ஆர்வத்தின் விளைவேயன்றி அலுவலின் விளைவன்று. இம்முயற்சிகள் நிலைத்துப் பரவவில்லை. ஐரோப்பியத் தேனீக்கென அமைந்த பெட்டி இந்தியத் தேனீக்குப் பொருந்தாமையும் இதற்கு ஒரு காரணம். இந்தியத் தேனீ உடலால் சிறியது. அதன் அறைகள் சிறியவை. அடைகளுக்கு இடையே அது விடும் தொலைவும் குறைவு. குடும்பத்தின் தொகையும் அவ்வாறே. பெரிய பெட்டிக்குள் சிறிய குடும்பம் தன் கூட்டைச் சூடாக வைத்துக்கொள்ள இயலாது. மெழுகுப் புழுவிடமிருந்து காத்துக்கொள்ளவும் இயலாது. தனக்கு ஒவ்வாத இடத்தை விட்டு முழுக்குடும்பத்தோடு பறந்துபோவது இவ்வினத்தின் இயல்பு. ஓடிப்போகும் தேனீ என்று ஐரோப்பியர் அதனைக் குறைகூறினர். பெட்டியைக் குறைகூற அவர்களுக்குத் தோன்றவில்லை.

தோன்றியவர் நியூட்டன் பாதிரியார். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியைச் சார்ந்த இயேசு சபைத் துறவியான இவர் 1911 முதல் 1917 வரையிலான ஆண்டுகளில் இந்தியத் தேனீக்கெனவே ஒரு பெட்டியை வகுத்தார். லாங்ஸ்டிராத் பெட்டியில் பத்துச் சட்டங்கள் உண்டு. சட்டம் ஏறத்தாழ 45 செ.மீ. நீளமும் 23 செ.மீ. உயரமும் உடையது. நியூட்டன் பெட்டியின் புழு அறையில் ஏழே சட்டங்கள். ஒவ்வொன்றும் உள்ளளவில் 20.5 செ.மீ. நீளம், 14.5 செ.மீ. உயரம். மேலே வைக்கும் தேன் அறைச் சட்டத்தின் உயரம் 6 செ.மீ. மட்டுமே. பெட்டியை ஈக்கு ஏற்பச் சுருக்கினார் என்று ஒரு வரியில் இதனைச் சொல்லிவிடலாம். ஆயினும் அச்சுருக்கத்துக்கு முன் குடும்பம் குடும்பமாகத் திறந்து பார்த்து, அளந்து, ஓடிப்போனவற்றைக் கணக்கில் கொண்ட உழைப்பு இருந்திருக்கவேண்டும். அவர் சிற்றூர் மக்களுக்குப் பயிற்சியும் அளித்தார். நூறாண்டுகளுக்குப் பின்னும் தென்னிந்தியாவில் அப்பெட்டி அவர் பெயராலேயே வழங்குகிறது. தமிழ்நாட்டு ஊர்ப்புறத் தச்சர் ஆங்கில அறிவியலாளர் நியூட்டனை அறியாதிருக்கலாம். இந்த நியூட்டனை அறிவர்.

மார்த்தாண்டமும் வார்தாவும்

அன்று திருவிதாங்கூரில் இருந்து, 1956 நவம்பர் முதல் நாள் தமிழ்நாட்டோடு இணைந்த மார்த்தாண்டம் அடுத்த கட்டத்தின் களம். அங்கு 1920களில் ஒய்.எம்.சி.ஏ. ஊரகச் சீரமைப்பு நடுவத்தைத் தொடங்கிய அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்ச், ஏழை உழவர் தம் கையிலுள்ள பொருளைக் கொண்டே செய்யத்தக்க தொழில்களுள் ஒன்றாகத் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். 1928இல் வேளாண்மைக்கான அரச ஆணையக் குழுவும் தேனீ வளர்ப்பைச் சிற்றூர்த் துணைத்தொழிலாகக் கருதியது. அப்பகுதியில் வெற்றிக்கு மற்றொரு காரணமும் உண்டு. ரப்பர் மரம் சனவரி முதல் மார்ச்சு வரை புதுத்துளிர் விடும்போது இலைக்காம்பின் முனையிலுள்ள சுரப்பிகளில் இனிய நீர் கசிகிறது. மார்த்தாண்டத்துத் தேனில் பெரும்பகுதி இவ்வாறு கிடைப்பது. பூவிலிருந்து பெறாத தேன். தேனையும் மலரையும் பிரிக்காமல் பாடிவந்த மரபுக்கு இது ஒரு புதிய செய்தி. 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா இவ்வரலாற்றில் எதிர்பாராத இடத்தில் நிற்கிறார். 1934இல் அமைந்த அனைத்திந்தியக் கிராமத் தொழிற்சங்கத்தை அவர் வார்தாவிலிருந்து நடத்தினார். தேனீ வளர்ப்பு அச்சங்கம் பேணிய தொழில்களுள் ஒன்று. சபல்பூர்ச் சிறையில் இருந்தபோது நிலைத்த பொருளாதாரம் பற்றி அவர் எழுதி 1945இல் வெளிவந்த ஆங்கில நூல் பொருளியலை ஐந்து வகையாகப் பிரிக்கிறது: ஒட்டுண்ணி நிலை, கொள்ளை நிலை, முயற்சி நிலை, கூட்டு நிலை, தொண்டு நிலை. இவற்றுள் இரண்டுக்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு தேனீ. பூவில் தேன் எடுக்கையில் அதற்கு மகரந்தச் சேர்க்கையால் ஈடு செய்வதால் அது முயற்சி நிலைக்குச் சான்று. தனக்கென்றன்றிக் குடும்பத்துக்கென உழைப்பதால் கூட்டு நிலைக்கும் சான்று. கணக்காயராகப் பயின்ற ஒருவர் தம் கொள்கையின் நடுவே ஈயை வைத்தது வெறும் உவமை நயத்துக்காக அன்று. தேனீப் பெட்டிகள் அவர் நடத்திய தொழிற்கூடத்தின் பகுதியாக இருந்தன. இங்கே ஒரு முரண் உண்டு. தேனீ முயற்சி நிலையில் நிற்கிறது. அத்தேனீயிடம் தேன் கொள்ளும் மனிதன் எந்நிலையில் நிற்கிறான்? மலைபடுகடாம் ஆண்ட சொல்லே குமரப்பாவின் இரண்டாம் நிலைக்குப் பெயராக அமைந்திருப்பது தற்செயல்தான் எனினும் எண்ணத்தக்கது.

மெழுகு

தேனைப் பற்றிப் பேசுவோர் மெழுகை மறந்துவிடுவர். ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீக்கள் அதைப்போல் பல மடங்கு தேனை உண்ணவேண்டும். ஆகவே பெட்டியில் வளர்ப்போர் அடையைக் காத்துத் திரும்ப வைக்கின்றனர். மெழுகு அவர்களுக்குச் சிறிதளவே மிஞ்சும். பழைய அடைகளைத் துணியில் முடிந்து வெந்நீரில் இட்டால் மெழுகு உருகி மேலே மிதக்கும். ஆறியபின் பாளமாக எடுக்கலாம். 62 முதல் 65 செல்சியசு வெப்பத்தில் உருகும் அப்பொருளைக் கையாள அடுப்பங்கரையே போதும். இந்தியச் சந்தைக்கு வரும் மெழுகோ பெரிதும் பாறையில் தொங்கும் மலைத்தேனீயின் அடையிலிருந்து கிடைப்பது.

சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துப் படிமத்தை முதலில் உருவாக்குகின்றனர். காவிரி வண்டலை அதன்மேல் பூசிச் சூடேற்ற மெழுகு வழிந்தோடுகிறது. அவ்வெற்றிடத்தில் உலோகம் நிறைகிறது. சோழர் காலச் செப்புத்திருமேனிகளும் மெழுகு வடிவத்தின் வழியே வார்க்கப்பட்டவை. அத்திருமேனிகளின் வரலாற்றில் மன்னரும் அரசியரும் கொடையாளரும் பேசப்படுகின்றனர். மெழுகுக்காகக் கயிற்றில் தொங்கிய மலைவாழ்நர் பேசப்படுவதில்லை. எஞ்சுவது உலோகம், உருகிப்போனது மெழுகு. அறிவின் வரலாறும் பலவேளை இவ்வாறே எழுதப்படுகிறது.

1991

தாய்லாந்தில் முதலில் அறியப்பட்ட நச்சுயிரி நோய் ஒன்று 1978இல் மேகாலயத்தில் காணப்பட்டது. 1991, 1992ஆம் ஆண்டுகளில் அது தென்னிந்தியாவை அடைந்தது. நோய் கண்ட புழு அறைக்குள்ளேயே நீர் நிறைந்த பைபோல் ஆகித் தலை தூக்கியவாறு இறக்கும். புதிய தலைமுறை பிறவாமல் குடும்பம் அழியும். தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் ஆகிய மாநிலங்களில் வளர்ப்பில் இருந்த இந்தியத் தேனீக் குடும்பங்களுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை அழிந்தன. மார்த்தாண்டத்துத் தோட்டங்களில் பெட்டிகள் வெறுமையாக நின்றன.

இதன்பின் இத்தாலியத் தேனீ தெற்கிலும் புகுந்தது. 1962இல் அன்றைய பஞ்சாபின் நக்ரோட்டா பக்வான் என்னுமிடத்தில் நிலைநிறுத்தப்பட்ட இனம் அது. நியூட்டன் பெட்டிக் குடும்பம் ஆண்டுக்கு 5 முதல் 10 கிலோ தேன் தரும் இடத்தில் இது பன்மடங்கு தரவல்லது. பெருந்தொழிலாகச் செய்வோர் பலர் அதற்கு மாறினர். ஆனால் இத்தாலியத் தேனீக்குப் பூ தேடிப் பெட்டிகளை ஊர் ஊராகக் கொண்டுசெல்லவேண்டும். பஞ்ச காலத்தில் சர்க்கரைப்பாகு ஊட்டவேண்டும். கொல்லையில் ஒன்றிரண்டு பெட்டி வைத்திருப்போருக்கு அது ஏற்றதன்று. அவர்கள் பொந்துகளிலும் புற்றுகளிலும் எஞ்சிய நாட்டுத் தேனீயையே மீண்டும் தேடினர். உட்புறம் மெழுகு பூசிய பானையை நிழலில் வைத்து, பிரிந்து வரும் கூட்டத்துக்காகக் காத்திருப்பது பழைய முறை. பேரழிவுக்குப் பின் அதுவே மீட்பு முறையும் ஆயிற்று. பிழைத்த குடும்பங்களிலிருந்து பெருகியவையே இன்று தெற்கில் வளர்ப்பிலுள்ள இந்தியத் தேனீக்கள். இலாபக் கணக்கு கைவிடச் சொன்ன இனத்தை, கணக்குப் பாராதோர் வைத்துக்கொண்டதும் அதன் மீட்புக்குத் துணைசெய்தது.

கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் கொட்டாத இனமான கொசுத்தேனீயை வளர்ப்போர் தொகையும் இவ்வாண்டுகளில் பெருகியது. ஆண்டுக்குச் சில நூறு கிராம் தேனே அது தரும். புளிப்பேறிய அத்தேன் மருந்தாக மதிக்கப்படுகிறது. அறுகோண அறைகளில் அன்றி, மரப்பிசினும் மெழுகும் கலந்து செய்த சிறுசிறு சிமிழ்களில் அது தேனைச் சேர்க்கிறது. ஸ்தபதி குங்கிலியத்தோடு மெழுகைக் கலப்பதை அந்த ஈ தானாகவே செய்கிறது. மூங்கில் குழாயிலும் கொட்டாங்கச்சியிலும் மண்பானையிலும் அதற்கு இடம் தருகின்றனர். இடம் தராவிட்டாலும் பழைய வீடுகளின் மண்சுவர் வெடிப்புக்குள் அது தானே குடிபுகுந்து, மெழுகால் ஒரு சிறு குழல் வாயிலை வெளியே நீட்டிவைக்கிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அவ்வாயிலை மட்டும் விட்டுவிட்டு அடிப்போர் உண்டு.